பூவை விடுங்கள், காயைப் பாருங்கள்: கோவாப் பாத்தியில் நிற்கும் குட்டிக் கடுகுப்பூவை இனங்காணும் வழி

செடி கொடி பார்த்துப் பெயர் கண்டுபிடிக்கும் ஆசை வந்தவுடன் நம் ஆட்கள் நேரே ஹோர்ட்டன் சமவெளிக்குத்தான் கிளம்புகிறார்கள். அங்கே போய் ஓர்க்கிட்டையும் மஹாரத்மலையும் படம் எடுத்துக்கொண்டு வந்து, எதற்கும் பெயர் தெரியாமல் போனிலேயே வைத்திருந்து கடைசியில் அழித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வீட்டு வாசலில் இருக்கிற களையில் தொடங்குங்கள் என்பேன். அதிலும் ஒரே ஒரு களை. அதை வேர் முதல் விதை வரை ஒழுங்காகப் பார்த்துவிட்டால் ஒரு குடும்பமே பிடிபடும்.

நான் சொல்கிற செடி நுவரெலியா, கந்தப்பளை, ராகலை, மீப்பிலிமான, சீதாஎலிய என்று குளிர் உள்ள எந்த ஊரிலும் இருக்கும். கோவாப் பாத்திக்கு நடுவில், லீக்ஸ் வரிசைக்குள், கான் ஓரத்தில், பீலியடியில், சீமெந்துப் படி வெடித்த இடத்தில் எல்லாம் நிற்கும். விரல் உயரம்தான், நல்ல மண் கிடைத்தால் ஒரு சாண். உச்சியில் வெள்ளையாகச் சில பூ, அதைச் சுற்றிக் குத்திட்டு நிற்கும் மெல்லிய காய்கள். தோட்டத்தில் யாரிடமாவது காட்டினால் "அது புல்லுதானே" என்று சொல்லிச் சுரண்டியால் ஒரு இழுப்பு. தாவரவியலில் இதன் பேரினம் கார்டமைன். கடுகு, கோவா, நோக்கோல், ராபு எல்லாம் சேர்ந்த கடுகுக் குடும்பத்தின் சின்ன உறுப்பினர்.

ஐரோப்பாவில் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கார்டமைன் ஹிர்சூட்டா இலையுதிர் காலத்தில் முளைத்து, பனிக்காலம் முழுக்கத் தரையோடு படுத்துக் கிடந்து, பெப்ரவரி மார்ச்சில் மற்றச் செடிகள் கண் விழிக்கும் முன்பே பூத்துவிடும். அங்கே அது வசந்தத்தின் முதல் பூக்களில் ஒன்று. நமக்கு வசந்தம் என்றால் ஏப்ரல் சீசன், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, நகரத்துக்குள் நகர முடியாத வாகன வரிசை. செடிக்கு அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வருடம் முழுக்கக் குளிர், பகல் நீளமும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே கிளறிய மண்ணும் ஈரமும் கிடைத்தால் எந்த மாதத்திலும் பூக்கும்.

முதலில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று கட்டாயம். நகைக்கடைக்காரர் கண்ணோடு வைத்துக் கல் பார்ப்பாரே, அந்த வகை போதும். விலை கூடியது தேவையில்லை. அப்புறம் ஒரு ஊசி அல்லது ஊக்கு, அரைத்தாள் வெள்ளைக் கடதாசி, பென்சில், மில்லிமீற்றர் குறித்த பள்ளிக்கூட அடிமட்டம். பேனை வேண்டாம், மலைநாட்டுத் தூறலில் மை கரைந்து எழுதியது எல்லாம் நீலமாகிவிடும். மண்ணில் மண்டியிட ஒரு பழைய உரச்சாக்கு. புல் உயரமாக இருக்கும் இடம் என்றால் அட்டை ஏறும், காலில் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு போங்கள்.

லென்ஸ் பிடிக்கும் முறையைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். செடிக்குக் கிட்டே லென்ஸைப் பிடித்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வையுங்கள், பூவைக் கிள்ளி எடுத்து லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தூரத்தில் திடீரென்று தெளியும். வெளிச்சம் பூவில் பட வேண்டும், உங்கள் தொப்பி நிழல் அதில் விழக்கூடாது.

எங்கே தேடுவது

உங்கள் வீட்டுப் பூச்சட்டிதான் முதல் இடம். உண்மையாகத்தான் சொல்கிறேன். ரோட்டோரத்தில் பூக்கன்று விற்பவர்களிடம் வாங்கிய சட்டியில் பெகோனியாவோடு சேர்ந்து இதுவும் வீட்டுக்கு வந்திருக்கும். உலகம் முழுக்க இந்தச் செடி இப்போது பரவும் பெரிய வழி நாற்றுமேடைச் சட்டிகள்தான்.

சட்டியில் இல்லையென்றால் கான் ஓரம், பீலியடி, மரக்கறித் தோட்டம். மற்றவர் தோட்டம் என்றால் கேட்டுவிட்டு இறங்குங்கள், "களைதான் பார்க்கிறேன்" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை, சிரிப்பார்கள், அவ்வளவுதான். மருந்து அடித்த தோட்டமா என்றும் கேளுங்கள். கோவாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கடி மருந்து அடிப்பார்கள். அடித்த ஈரம் காயும் முன் உள்ளே இறங்கி இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பது நல்லதல்ல.

ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களில் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது, அது சட்டம். ஹக்கலைப் பூங்காவிலும் பார்க்கலாம், பறிக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் கிள்ளு, பிரி, பிடுங்கு என்று வரும் இடமெல்லாம் வீட்டுத் தோட்டத்துக்கும் கேட்டு வாங்கிய களைக்கும் மட்டும்.

நேரம் என்றால், காலை ஒன்பது மணிக்கு மேல். ஜனவரி பெப்ரவரியில் உறைபனி விழும் விடியலில் போனால் பூ மூடிக் கிடக்கும், லென்ஸும் மூச்சுக்காற்றில் புகைபிடித்துப் போகும்.

இலையிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்

செடியை மேலிருந்து பாருங்கள். தரையோடு ஒட்டி இலைகள் வட்டமாகப் பரவியிருக்கும். ஒவ்வொரு இலையும் நடுநரம்பின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வட்டச் சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும், நுனியில் உள்ள சிற்றிலை மட்டும் மற்றதைவிடப் பெரிது, அகலமானது. ஹிர்சூட்டா என்றால் மேற்பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டையான வெள்ளை மயிர் தெரியும், இலையைச் சாய்த்து வெயிலுக்குக் காட்டினால் லென்ஸில் சட்டென்று அகப்படும்.

ஒரு இலையைக் கசக்கி முகருங்கள். கடுகு அரைக்கும்போது வரும் காரநெடியின் மெல்லிய சாயல் இருக்கும். இலைக்குள் குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஓரிடத்திலும் அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. கசக்கும்போது இரண்டும் கலந்து அந்தக் காரம் பிறக்கிறது. கடுகிலும் ராபுவிலும் நடப்பது இதேதான். பூச்சி கடித்தாலும் இதே வேலை நடக்கும், செடி வைத்திருக்கும் காவல் அது. கோவாவைத் துளைத்துத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு போன்ற சில மட்டும் இந்தக் காவலைத் தாண்டப் பழகிவிட்டன.

இலை வடிவத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் அதிகம் கிடைத்த செடியும் சீமெந்து வெடிப்பில் காய்ந்து நிற்கிற செடியும் ஒரே இனமாக இருந்தாலும் இலையில் அண்ணன் தம்பி என்று கூடச் சொல்ல முடியாது.

பூவில் பார்க்க வேண்டியது நிறம் அல்ல, எண்ணிக்கை

பூவைக் கிள்ளி வெள்ளைக் கடதாசியில் வையுங்கள். வெள்ளைப் பூ வெள்ளைத் தாளில் தெரியாதே என்று கேட்பீர்கள், அதனால்தான் தாளின் ஒரு மூலையைப் பென்சிலால் கறுப்பாகத் தீட்டிக்கொள்ளச் சொல்கிறேன். இதழின் நீளம் இரண்டு முதல் நாலு மில்லிமீற்றர்தான்.

இதழ் நாலு இருக்கும், சிலுவை போல எதிரெதிராக. ஒவ்வொன்றும் தனித்தனி, அடியில் ஒட்டியிருக்காது. ஊசி முனையால் ஒரு இதழைத் தள்ளினால் அது மட்டும் தனியாக வர வேண்டும். நாலும் சேர்ந்து ஒரு சின்னக் குழாயாக வந்தால் நீங்கள் பிடித்தது வேறு குடும்பம். ஹிர்சூட்டாவில் சில பூவில் ஒரு இதழ் குறையும், சிலதில் இதழே இருக்காது. ஆகவே ஒரே பூவோடு நிறுத்தாமல் நாலைந்து பூ பாருங்கள்.

இப்போது இதழை எல்லாம் நீக்கிவிட்டு நடுவில் நிற்கும் மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். இதுதான் இந்தச் செடியில் எனக்குப் பிடித்த இடம். கடுகுக் குடும்பத்தில் வழக்கமாக ஆறு இருக்கும், உள்ளே நாலு நெட்டை, வெளியே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டை. வீட்டில் கடுகுச் செடியோ ராபுவோ பூத்திருந்தால் முதலில் அதில் எண்ணிப் பழகுங்கள், பூ பெரிது, வெறுங்கண்ணுக்கே தெரியும். அதன் பிறகு இந்தக் குட்டிப்பூவுக்கு வாருங்கள். நாலு நெட்டைத் தாள்கள் மட்டும் நின்று, பக்கத்துக் குட்டை இரண்டையும் காணவில்லை என்றால் பெரும்பாலும் ஹிர்சூட்டா. ஆறும் இருந்தால் கார்டமைனிலேயே இன்னொரு இனமான பிளெக்சுவோசாவின் கூட்டம்.

இந்த இரண்டையும் பிரிப்பது பழைய தலைவலி. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ஹிர்சூட்டாவுக்குப் பெயர் வைத்தார். பிளெக்சுவோசா அதிலிருந்து வேறு என்று ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் விதரிங் எழுதியது 1796இல். ஆசியாவில் வயலிலும் சட்டியிலும் களையாக வரும் பிளெக்சுவோசாவை இப்போது கார்டமைன் ஒக்குல்டா என்று தனியாகப் பிரிக்கிறார்கள். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் "கார்டமைன்" என்று பேரின அளவில் நிறுத்திக்கொண்டால் அது தோல்வி இல்லை, அதுதான் நேர்மையான விடை. இன்னும் ஒரு படி போக ஆசை என்றால் மூன்று விடயத்தைச் சேர்த்துப் பாருங்கள்: மகரந்தத் தாள் எத்தனை, பூக்கும்போது அடி இலைவட்டம் பசுமையாக இருக்கிறதா வாடிவிட்டதா, தண்டு நேராகப் போகிறதா கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து போகிறதா. ஹிர்சூட்டாவில் அடிவட்டம் செழிப்பாக இருக்கும், தண்டு நேர், தண்டில் இலை குறைவு. பிளெக்சுவோசா கூட்டத்தில் தண்டு வளைந்து போகும், தண்டிலேயே இலை நிறைய இருக்கும்.

மலைக்காட்டு நிழலில் மூன்று மூன்று சிற்றிலையோடு இன்னொரு கார்டமைன் உண்டு, ஆபிரிக்கானா. பேர்தான் ஆபிரிக்கா, நம் மலைக்காடுகளிலும் இயல்பாக வளர்வது. தோட்டத்துக் களையைப் பழகிய பிறகு காட்டுப் பாதையில் நடக்கும்போது அதைப் பார்த்தால் பெயர் தானாக வாயில் வரும். அங்கே பறிக்க வேண்டாம், படம் போதும்.

ஏமாற்றும் பூக்கள்

சின்ன வெள்ளைப்பூ எல்லாம் கடுகுக் குடும்பம் இல்லை. அடிக்கடி குழப்புவது ஸ்டெல்லேரியா என்ற படர்களை, குளிர்ப்பக்கத் தோட்டங்களில் பாத்தி மூடிப் படரும். அதில் பத்து இதழ் இருப்பதுபோலத் தெரியும், உற்றுப் பார்த்தால் ஐந்துதான், ஒவ்வொன்றும் அடிவரை இரண்டாகப் பிளந்திருக்கிறது. இலைகளும் தண்டில் சோடி சோடியாக எதிரெதிரே நிற்கும். கடுகுக் குடும்பத்தில் இலை ஒன்று விட்டு ஒன்றாகத்தான் ஏறும்.

நாலு இதழோடு ஏமாற்றுவது கேலியம். ஒவ்வொரு கணுவிலும் இலைகள் சக்கரமாகச் சுற்றி நிற்பதைப் பார்த்தாலே தள்ளிவிடலாம். வெரோனிக்காவிலும் நாலு இதழ், ஆனால் நீலம், மகரந்தத் தாள் இரண்டே இரண்டு.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான ஏமாற்று வேலை செய்யும் ஒரு கடுகுப்பூ உண்டு, டிராபா வேர்னா. மணல் தரையில் விரல் உயரம்கூட வராத செடி, அங்கே வசந்தத்துக்கு முந்தி வரும் பூக்களில் மிகவும் சின்னது. நாலு இதழ்தான், ஒவ்வொன்றும் பாதிவரை பிளந்திருப்பதால் எட்டு என்று தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோனில் இருந்த தாவரவியலாளர் அலெக்சிஸ் ஜோர்டான் இந்த ஒரு செடியைத் தோட்டத்தில் வளர்த்து வளர்த்துப் பார்த்து இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரித்துவிட்டார். தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் செடி என்பதால் ஒவ்வொரு வம்சமும் தாயைப்போலவே அச்சாக வரும், அந்தச் சின்ன வேறுபாடு எல்லாம் அவருக்குத் தனி இனமாகப் பட்டது. லென்ஸ் வாங்கிய புதிதில் நமக்கும் இந்த நோய் வரும், ஒவ்வொரு செடியும் புது இனமாகத் தெரியும். கொஞ்ச நாளில் தெளிந்துவிடும்.

காய்: இங்கேதான் வழக்கு முடியும்

கடுகுக் குடும்பத்தில் பூ எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. காய் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. தாவரவியலாளர்கள் இந்தக் குடும்பத்துக்கு எழுதும் இனங்காண் அட்டவணையில் பாதிக்கு மேல் காயைப் பற்றியே இருக்கும். ஆகவே பூ மட்டும் உள்ள செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து பெயர் கேட்காதீர்கள், கீழே முற்றிய காயும் மேலே பூவும் ஒரே தண்டில் உள்ள செடியாகப் பாருங்கள். கார்டமைனில் அதைத் தேட வேண்டியதே இல்லை, எப்போதும் இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். ஹிர்சூட்டாவில் இளங்காய்கள் பூவையே தாண்டி மேலே நிமிர்ந்து நிற்பதைக் கவனியுங்கள், நல்ல அடையாளம்.

ஒரு காயை அளந்து பாருங்கள். ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் நீளம், ஒரு மில்லிமீற்றர் அகலம், தட்டை. இன்னும் பழுக்காத காயை ஊக்கு முனையால் அடியிலிருந்து நீளவாக்கில் பிரியுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு தோல், நடுவில் ஒரு சட்டம், அந்தச் சட்டத்தில் ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு. சவ்வின் ஒவ்வொரு பக்கத்திலும் விதைகள் ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கும். தோலின் வெளிப்பக்கத்தில் நடுநரம்பு தெளிவாகத் தெரியாது. தட்டைக்காய், நரம்பில்லாத தோல், ஒற்றை வரிசை விதை, இந்த மூன்றும் சேர்ந்தால் கார்டமைன் என்று தைரியமாக எழுதலாம்.

இனி முற்றிய காய். கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள், லென்ஸ் வழியாக முற்றிய காயைத் தொடவே கூடாது. நிறம் ஊதாப் பச்சையிலிருந்து மங்கலாகும் காயின் அடியை விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். சட்டென்று ஒரு துடிப்பு, இரண்டு தோலும் அடியிலிருந்து பிய்ந்து கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்டு ஓடும், விதை முகத்தில் அடிக்கும். நொடிக்கு 10 மீற்றருக்கு மேல் வேகம். நடுச்சட்டமும் சவ்வும் மட்டும் தண்டில் வெறுமையாக நிற்கும், கீழே உங்கள் தாளில் மண்ணிறத் தட்டை விதைகள் கிடக்கும்.

வெடித்துச் சிதறும் காய்களில் பல, காய்ந்து சுருங்குவதால்தான் வெடிக்கின்றன. இது பச்சையாக, நீர் நிரம்பி இருக்கும்போதே வெடிக்கிறது. தோலின் வெளி அடுக்கில் உள்ள உயிரணுக்கள் நீரழுத்தத்தால் நீளவாக்கில் சுருங்கப் பார்க்கும், உள்ளடுக்கில் இருக்கும் மரத்தன்மை உள்ள விறைப்பான படலம் விட்டுக்கொடுக்காது, இழுபறி முற்றி ஒரு கணத்தில் படலம் கீல் திறப்பதுபோல மடிந்துகொடுக்க, சேர்த்து வைத்த இழுவிசை முழுவதும் வெளியே வருகிறது. ஜெர்மனியில் கொலோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்துக்காரர்கள் 2016இல் இதை விளக்கினார்கள். அதே வருடம் இந்தச் செடியின் முழு மரபுத்தொகுதியும் வெளியானது. நாம் சுரண்டியால் தள்ளுகிற புல்லு அங்கே ஆய்வுகூடத்துச் செல்லப்பிள்ளை.

பக்கத்தில் உள்ள மற்றச் சொந்தக்காரர்களையும் காயை வைத்தே பிரித்துவிடலாம்:

இதய வடிவத்தில், நுனியில் பள்ளம் விழுந்த தட்டையான முக்கோணக் காய் என்றால் கப்செல்லா. முகத்தில் அறைந்ததுபோல அடையாளம், ஒரு தடவை பார்த்தால் மறக்காது. தண்டிலுள்ள இலை அடியில் காது போல இரண்டு முனை வந்து தண்டைக் கட்டிப்பிடித்திருக்கும்.

தரையோடு படர்ந்து, மிதித்தால் மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி வந்து, காய் இரண்டு சுருங்கிய உருண்டைகள் ஒட்டினதுபோல இரண்டரை மில்லிமீற்றருக்குள் இருந்தால் லெபிடியம் டிடிமம். மாடு இதைத் தின்றால் பாலிலும் அந்த நெடி வரும்.

மஞ்சள் பூ, கொஞ்சம் வளைந்த உருண்டைக் காய் என்றால் ரோரிப்பா. காயைப் பிரித்தால் விதை ஒற்றை வரிசையில் ஒழுங்காக இருக்காது, நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்.

தண்ணீருக்குள்ளேயே கால் வைத்து நிற்கும் வெள்ளைப்பூச் செடி, தண்டை ஒடித்தால் உள்ளே வெற்றிடம், கணுவிலெல்லாம் வெள்ளை வேர் என்றால் அது வாட்டர்கிரெஸ். கார்டமைன் போலவே இலை, அதனால்தான் காயைப் பார்க்கச் சொல்கிறேன்: அதன் காய் தடித்தது, தொட்டால் வெடிக்காது.

ராபு விதைக்கு விட்டிருந்தால் அதையும் பாருங்கள். அதன் காய் திறக்கவே திறக்காது.

படமும் குறிப்பும்

படத்தை வைத்துப் பெயர் சொல்லும் செயலிகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து எடுத்த ஒரே படத்தைக் கொடுத்துவிட்டு வந்த பெயரை அப்படியே எழுதிக்கொள்வது, ஆளின் தலைமயிரை மட்டும் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்கிற வேலை. எடுக்க வேண்டியவை: முழுச் செடி, அடி இலையின் மேற்பக்கம், தண்டும் தண்டு இலையும், நேராக மேலிருந்து பூ, அடிமட்டத்தோடு காய், பிரித்த காயின் உட்புறம். போன் கெமரா கிட்டே போனால் மங்கும், லென்ஸைப் போன் கண்ணாடிக்கு முன்னால் ஒட்டிப் பிடித்து எடுங்கள், ஓரம் கறுத்தாலும் நடு தெளிவாக வரும்.

செடி, பூச்சிப் படங்களைப் பகிர்ந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் ஏற்றினால் யாராவது பார்த்துச் சரிசெய்வார்கள். இடத்தை "நுவரெலியா" என்று மட்டும் போடாமல், கான் ஓரமா, கோவாப் பாத்தியா, நிழலா வெயிலா, எத்தனை மீற்றர் உயரம் என்று எழுதுங்கள். போனில் உயரம் காட்டும். மகரந்தத் தாள் எண்ணிக்கையை மறக்காமல் எழுதுங்கள், படத்தில் அது தெரியாது, பிறகு வந்து பார்க்கும் நிபுணர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அழுத்தி வைக்க ஆசை என்றால் வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, ஈரம் ஒற்றி, பழைய பத்திரிகைத் தாளுக்குள் வைத்து மேலே கனமான ஏதாவது ஏற்றுங்கள். முற்றிய காயை ஒரு சின்னக் கடதாசி உறைக்குள் தனியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் வெடித்து விதை எல்லாம் தாள் இடுக்கில் போய்விடும். நம் குளிரில் தாள் காயவே காயாது, அதனால் தாளைத் தினமும் மாற்றுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் காயும், மேலேயே வைத்தால் கருகும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியைப் பொழுதுபோக்குக்காரர்கள் தாண்டலாம். ஆனால் கோவா, நோக்கோல், ராபு போடுகிறவர் வீட்டுப் பிள்ளை இதைப் படிக்கிறது என்றால் அப்பாவிடம் சொல்லுங்கள்.

நடுப்பகலில் கோவா வாடி, மாலையில் நிமிர்ந்து, பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டி கட்டியாக வீங்கியிருக்கும் நோயை விவசாயப் போதனாசிரியர்கள் கிளப் ரூட் என்பார்கள். பிளாஸ்மோடியோஃபோரா பிராசிக்கே என்ற நுண்ணுயிரியின் வேலை. அதன் உறங்கு வித்திகள் மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். இதற்குப் பயிரை மாற்றிப் போடுங்கள், கோவாவுக்குப் பிறகு சில வருடம் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுங்கள் என்பது வழக்கமான ஆலோசனை, சரியான ஆலோசனையும்கூட. ஆனால் கரட் பாத்திக்குள் கப்செல்லாவும் கார்டமைனும் தாராளமாக நின்றால், கடுகுக் குடும்பம் அந்த மண்ணை விட்டுப் போகவே இல்லை என்றுதான் அர்த்தம். இந்தக் களைகளின் வேரிலும் அந்த நோய் தங்கும். பயிரை மாற்றிவிட்டுக் களையை விட்டுவைப்பது முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைப்பதுதான்.

செய்ய வேண்டியது, காய் பிடிக்கும் முன் பிடுங்குவது. முளைத்து ஆறு, எட்டு வாரத்தில் விதை தயாராகிவிடும், ஒரு செடியிலேயே நூற்றுக்கணக்கில். காய் முற்றிய பிறகு சுரண்டி போட்டால் நீங்களே விதைத்துக் கொடுத்த மாதிரி, சுரண்டி பட்ட அதிர்ச்சியில் பாத்தி முழுக்க வெடித்துத் தெறிக்கும். முற்றிய காயோடு நிற்கிற செடியை ஈரமான காலையில் ஒரு சாக்கை மேலே மூடி, சாக்கோடு சேர்த்து அடியில் பிடித்து இழுங்கள். பிடுங்கியதைப் பாத்தி ஓரத்தில் போடாதீர்கள், உரக்குழியிலும் வேண்டாம், வேரில் கட்டி தெரிந்தால் எரித்துவிடுங்கள். மம்பட்டியிலும் சப்பாத்திலும் ஒட்டிய மண்ணைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகக் கூடாது. புளிப்பு மண்ணில் இந்த நோய் கூடும், நம் மலை மண்ணோ இயல்பாகவே புளிப்பு, அதனால் புளிப்பைக் குறைக்கும் சுண்ணக்கல் தூளான டொலமைட் போடச் சொல்வார்கள். எவ்வளவு என்பதை மண்ணைப் பரிசோதித்துவிட்டுக் கேட்டுப் போடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் போட்ட அளவு உங்கள் பாத்திக்குச் சரிவராது.

இன்னொன்று, நாற்று வாங்கும்போது தட்டில் இந்தக் குட்டிச்செடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மண்ணை நம்ப வேண்டாம், வேறு இடத்தில் வாங்குங்கள்.

இது எப்படி இங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு: 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஆங்கிலேயப் பண்ணை ஒன்றை உண்டாக்க வந்தபோது மாடு, விதை, ஆட்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. அதற்குப் பிறகு வந்த துரைமாரும் ஊர்ப்பூவும் ஊர்க்கிழங்கும் கொண்டுவந்து நட்டார்கள். ஐரோப்பியக் களைகள் உலகத்தின் எல்லாக் குளிர்மலைகளுக்கும் போய்ச் சேர்ந்தது இப்படி விதைச் சாக்கோடும் வேர்மண்ணோடும்தான்.

தின்னலாமா?

தின்னலாம். கார்டமைன், கப்செல்லா இரண்டும் நஞ்சில்லை, ஐரோப்பாவில் சலாதுக்கு இளம் இலையைப் போடுவார்கள், ஜப்பானில் ஜனவரி 7ஆம் திகதி ஏழு கீரைக் கஞ்சியில் கப்செல்லா கட்டாயம் சேரும். ஆனால் நீங்கள் மருந்து அடிக்காத சொந்தச் சட்டியில் வளர்ந்ததை மட்டும், மேலே சொன்ன எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து உறுதியாக்கிய பிறகு. மரக்கறித் தோட்டத்துக் களை வேண்டவே வேண்டாம். கானில் நிற்பதும் வேண்டாம், லயத்துக் கழிவுநீர் எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. பூக்கும் முன் உள்ள அடி இலையைப் பறித்து, நன்றாகக் கழுவி, பச்சை மிளகாய், வெங்காயம், தேங்காய்ப்பூ, தேசிக்காய் சேர்த்துச் சம்பலாகப் பிசையலாம். வல்லாரைச் சம்பல் செய்கிற அதே முறைதான், உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலில் போட்டால் இலை தண்ணீர் விட்டுச் சோர்ந்துவிடும்.